எரிமலைச் சாம்பலில் ஒரு பரீட்சை



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். ஹாஸ்டல் சாம்பார், வார்டன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு செகண்ட் ஷோ போனது, இதையெல்லாம் போன மலரிலேயே ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதனால் நான் வெளி ஆள் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் கல்லூரியில் படித்தவர் இல்லை. சொல்லப்போனால் எந்தக் கல்லூரியிலும் படித்து முடித்தவர் இல்லை. பெயர் சோய்ச்சிரோ ஹோண்டா. ஏன் இவரைப் பற்றி என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மெக்கானிக்கல் முடித்து வெளியே வந்தது 1985ல். அதே வருஷம்தான் ஹீரோ ஹோண்டா சிடி 100 நம்ம ஊர் ரோட்டுக்கு வந்தது. அதுவரைக்கும் யெஸ்டி, ராஜ்தூத், புல்லட் என்று கிக்கரை மிதித்து மிதித்தே முழங்கால் தேய்ந்தவர்கள் நாங்கள். சத்தமே இல்லாமல் ஓடிய அந்தச் சின்ன வண்டியைப் பார்த்து வாயைப் பிளந்தோம். டேங்கில் இருந்த அந்தப் பெயரைக் கம்பெனிக்காக யாரோ வைத்த பெயர் என்றுதான் நினைத்தேன். அது ஒரு கொல்லர் வீட்டுக் குடும்பப் பெயர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

1906 நவம்பர் 17ஆம் தேதி, ஜப்பானில் ஷிசுவோகா மாகாணத்தில் கோம்யோ என்ற கிராமத்தில் பிறந்தார். இப்போது அது ஹமமட்சு நகரத்தோடு சேர்ந்துவிட்டது. அப்பா கிஹேய், இரும்படிக்கும் கொல்லர், சைக்கிளும் ரிப்பேர் பார்ப்பார். அம்மா மிக்கா தறி நெய்வார். பையனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் வேப்பங்காய்.

அவருடைய பள்ளிக்கூடக் காலத்துக் கதை ஒன்றை நம் மாணவர்கள் கட்டாயம் ரசிப்பீர்கள். நம்ம ஊரில் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்தைப் போட்டுப் பழகியவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. அந்தக் கால ஜப்பானில் கையெழுத்து கிடையாது, குடும்ப முத்திரைதான் வைக்க வேண்டும். சோய்ச்சிரோ பழைய சைக்கிள் பெடல் ரப்பரை எடுத்து முத்திரை செதுக்கித் தானே குத்திக்கொண்டு போய்விட்டான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. தைரியம் வந்து சிநேகிதர்களுக்கும் செய்து கொடுத்தான். அங்கேதான் மாட்டிக்கொண்டான். முத்திரை என்றால் எழுத்தை இடம் வலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியாது. ஹோண்டா என்ற பெயரை ஜப்பானிய எழுத்தில் மேலிருந்து கீழாக எழுதினால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் அவனுடையது தப்பித்தது. மற்ற பையன்களின் பெயரெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழாக விழுந்துவிட்டது! இந்த முத்திரை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு இடத்தில் திரும்ப வரும்.

பத்து வயது வாக்கில் ஹமமட்சுவில் ஆர்ட் ஸ்மித் என்ற அமெரிக்கர் விமானம் ஓட்டிக் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டு, அப்பாவின் சைக்கிளை வீட்டில் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாமல் பாருக்கு நடுவில் காலை விட்டு, 20 கிலோமீட்டர் மிதித்துப் போனான். உள்ளே விடக் காசு போதவில்லை. பக்கத்து மரத்தில் ஏறிப் பார்த்தான்.

1922ல், 15 வயதில், டோக்கியோவில் 'ஆர்ட் ஷோகாய்' என்ற மோட்டார் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கார் என்ஜினைத் தொடலாம் என்று கனவோடு போனவருக்கு முதலில் கிடைத்த வேலை முதலாளியின் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வது. மாதக்கணக்கில் அதேதான். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா என்று இருந்திருக்கிறது. 1923 செப்டம்பரில் டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய பூகம்பம் வந்தபோது, தீ பரவுவதற்குள் கார்களை வெளியேற்ற வேண்டிவந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அடுத்த வருஷம், பழைய விமான என்ஜினை வைத்து அந்தக் கடையில் செய்த ரேஸ் காரில், முதலாளியின் தம்பி ஓட்ட, பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்து போய் முதல் பரிசு வாங்கினார். ரேஸ் பைத்தியம் பிடித்தது அப்போதுதான்.

1928ல் ஹமமட்சுவுக்குத் திரும்பி அதே கடைக்குக் கிளை திறந்தார். நல்ல வருமானம். 1936ல் டோக்கியோ பக்கத்தில் தமகாவா ஆற்றங்கரையில் நடந்த ரேஸில் தம்பி பெஞ்சிரோவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினார். வண்டி மோதிக் கவிழ்ந்தது. இவருக்கு முகத்தில் காயம், மணிக்கட்டு முறிவு. தம்பிக்கு முதுகெலும்பில் அடி. ஆயுசு கெட்டி, இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

பிறகு ரிப்பேர் வேலை போதும், எதையாவது புதிதாகச் செய்து பார்ப்போம் என்று பிஸ்டன் ரிங் செய்யத் தொடங்கினார். நம்ம லேபில் பிஸ்டன் ரிங்கைக் கையில் வாங்கி வளைத்து, பட்டென்று ஒடித்துவிட்டு அட்டெண்டரிடம் திட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும், பார்க்க ஒரு வளையல், செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. ராத்திரி பகலாக உருக்கி ஊற்றினார். எல்லாம் கல் மாதிரி வந்தது, ஸ்பிரிங் தன்மையே இல்லை. கடைசியில் ஹமமட்சு தொழிற்கல்லூரிக்குப் போய் ஒரு பேராசிரியரிடம் ரிங்கைக் காட்டினார். சிலிக்கன் போதவில்லை என்று அவர் சொன்னார். அப்படி ஒரு சரக்கு இருக்கிறது என்பதே அதுவரை இவருக்குத் தெரியாது!

முப்பது வயது முதலாளி, கல்யாணமாகிப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிற ஆள், அந்தக் கல்லூரியிலேயே பையன்களோடு பையனாக உட்கார்ந்து பாடம் கேட்டார். தனக்கு வேண்டிய உலோகவியலை மட்டும் கேட்பார், மற்ற வகுப்புக்குப் போக மாட்டார். பரீட்சையும் எழுத மாட்டார். பரீட்சை எழுதாதவனுக்கு டிப்ளமா கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவரும் கவலைப்படவில்லை. அந்தக் காகிதத்தைவிட சினிமா டிக்கெட் மேல், அதை வைத்து உள்ளேயாவது போகலாம் என்கிற அளவுக்கு அவருக்கு இளக்காரம். இந்த இடத்தில் எனக்கு அவரோடு முழுச் சம்மதம் இல்லை. சிலிக்கன் போதவில்லை என்று சொன்னவர் படித்த மனுஷன்தானே? அந்தப் பேராசிரியர் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் இரும்பை உருக்கிக்கொண்டிருப்பாரோ. ஆனாலும், படிப்பைத் தேடிப் போனவனைப் பரீட்சையின் பேரால் வெளியே நிறுத்தியதும் சரியென்று சொல்ல மனசு வரவில்லை.

ரிங் ஒருவழியாக வந்தது. டொயோட்டாவுக்கு முதலில் சோதனைக்குக் கொடுத்த 50 ரிங்கில் தேறியது மூன்றுதான். மற்ற தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து, அப்புறம் பெரிய அளவில் செய்து கொடுத்தார். யுத்தம் வந்தது. குண்டு விழுந்தது. 1945 ஜனவரியில் வந்த பூகம்பம் மிச்சத்தையும் சாய்த்தது. யுத்தம் முடிந்ததும் கம்பெனியை 4,50,000 யென்னுக்கு டொயோட்டாவிடம் விற்றுவிட்டு ஒரு வருஷம் சும்மாவே இருந்தார்.

1946ல், ராணுவத்தின் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த குட்டி என்ஜின்கள் சுமார் 500 இருக்கிறதென்று தெரிந்து வாங்கி, சைக்கிளில் பொருத்தினார். பெட்ரோல் டேங்குக்குக் குளிர்காலத்தில் படுக்கையில் வைத்துக்கொள்கிற வெந்நீர்க் குப்பியை மாட்டினார். முதலில் ஓட்டிப் பார்த்தது அவர் மனைவி சாச்சி. ஊரையெல்லாம் சுற்றிவிட்டு வந்த அம்மா, உடுப்பெல்லாம் எண்ணெய் தெறித்துவிட்டதே என்று சத்தம் போட்டாராம். கார்புரேட்டர் சரி செய்யப்பட்டது! வாங்கிய என்ஜின் தீர்ந்தபின் சொந்தமாக என்ஜின் செய்தார். 1948 செப்டம்பரில் ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. ஆள் 34 பேர்.

1949ல் டக்கியோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். என்ஜின் இவர் பொறுப்பு, பணமும் விற்பனையும் அவர் பொறுப்பு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். கம்பெனித் தலைவரின் முத்திரை ஃபுஜிசாவாவிடமே இருந்தது. கடைசிவரை ஹோண்டா அதைத் தொட்டதில்லை. சின்ன வயசில் கள்ள முத்திரை குத்திய அதே ஆள்! தனக்கு என்ன வராது என்று தெரிந்துவைத்திருப்பதும் ஒரு கெட்டிக்காரத்தனம்தான்.

இனிதான் நான் சொல்லவந்த விஷயம்.

1954 மார்ச் 20ஆம் தேதி ஹோண்டா பேரில் ஓர் அறிக்கை வெளியானது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் ஐல் ஆஃப் மேன் என்ற தீவில் நடக்கும் டி.டி. ரேஸில் ஓடி ஜெயிக்கப் போகிறோம் என்றது அது. அந்த நாளில் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அதுதான் காசி, ராமேஸ்வரம் எல்லாம். அறிக்கை வந்த நேரத்தில் கம்பெனி நிலைமை என்ன தெரியுமா? 45 கோடி யென்னுக்கு வெளிநாட்டு மெஷின்கள் வாங்கிய கடன் கழுத்தில். புதிதாக விட்ட ஸ்கூட்டர் போகவில்லை. டிரீம் வண்டியில் என்ஜின் கோளாறு. கம்பெனி மூழ்கிவிடும் என்று ஊரே பேசியது. நம்ம ஊரில் இதைத்தான் கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் என்று ஆரம்பிப்பார்கள்.

ஜூன் மாதம் ஹோண்டா அந்தத் தீவுக்கே போய் ரேஸைப் பார்த்தார். பார்த்ததும் வெலவெலத்துப் போனார். ஜெர்மனியின் என்எஸ்யு வண்டிகள், அதே சிசி என்ஜினில் ஹோண்டாவைவிட மூன்று மடங்கு குதிரைத்திறனோடு பறந்துகொண்டிருந்தன. திரும்பும்போது ஐரோப்பாவில் கிடைத்த ரேஸ் டயர், ரிம், செயின், கார்புரேட்டர் எல்லாவற்றையும் கையில் சுமந்துகொண்டு வந்தார். ஒரு தொழிற்சாலைத் தரையில் கிடந்த கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ ஒன்றையும் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஜப்பானில் அப்போது ஒற்றைக் கோடு போட்ட ஸ்க்ரூதான், கையால்தான் முடுக்க வேண்டும். கூட்டல் குறி என்றால் மெஷினால் முடுக்கலாம்.

உலகத்துக்குச் சவால் விட்டாயிற்று. ஆனால் அதற்கு முன்னால் உள்ளூர் ரேஸ் ஒன்று வந்து நின்றது.

யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானில் மோட்டார் சைக்கிள் செய்ய நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் கம்பெனிகள் முளைத்திருந்தன. வண்டிகளின் தரத்தை உயர்த்த ஒரு பொதுப் பரீட்சை வேண்டும் என்று அவர்கள் கூடி, 1955 நவம்பரில் அகில ஜப்பான் மோட்டார் சைக்கிள் ரேஸ் ஒன்றை நடத்தினார்கள். இடம் அசாமா எரிமலையின் அடிவாரத்து மேட்டுநிலம். 2,568 மீட்டர் உயரத்தில் இன்னும் உயிரோடு புகைகிற மலை. ஒரு சுற்று 19.2 கிலோமீட்டர். ரோடு என்று சொன்னால் தார் ரோடு என்று நினைத்துவிடாதீர்கள். எரிமலைச் சாம்பலும் சரளைக் கல்லும். முன்னால் போகிறவன் கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது. செயினில் கல் சிக்கும், ஏர் ஃபில்டரில் சாம்பல் அடைக்கும், ஃபோர்க் உடையும். ஃபேக்டரியில் மூடிமறைத்த அத்தனை குறையும் அங்கே வெட்டவெளிச்சமாகிவிடும்.

அதில் ஹோண்டாவுக்கு என்ன ஆயிற்று? 350, 500 சிசி இரண்டிலும் ஜெயித்தார்கள். ஆனால் ஜனங்கள் வாங்குகிற வண்டி 125ம் 250ம்தான். 125ல் முதல் மூன்று இடத்தையும் யமஹா அள்ளிக்கொண்டு போனது. அந்த யமஹா மோட்டார் கம்பெனி பிறந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது! அதுவும் அதே ஹமமட்சு ஊரில், ஹார்மோனியமும் பியானோவும் செய்த கம்பெனியின் பிள்ளை. 250ல் ஜெயித்தது லைலாக் என்ற வண்டி. அதைச் செய்த மருஷோ கம்பெனியின் முதலாளி யார் தெரியுமா? ஹமமட்சுக் கடையில் ஹோண்டாவிடமே தொழில் பழகிய பையன். உலகத்தை ஜெயிப்பேன் என்று அறிக்கை விட்டு இருபது மாதம்கூட ஆகவில்லை. சொந்த ஊர்க்காரனிடமும் சொந்தச் சிஷ்யனிடமும் நாடே பார்க்கத் தோற்றார்.

அசல் சங்கடம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். வெளியூரில் போய்த் தோற்றால் ஒரு கதை சொல்லிச் சமாளிக்கலாம். உள்ளூரில் தோற்றால் மறுநாள் காலையில் டீக்கடைக்கு எந்த முகத்தோடு போவது?

1957 அக்டோபரில் இரண்டாவது அசாமா ரேஸ். இந்தத் தடவை பொது ரோட்டை விட்டுவிட்டு மேய்ச்சல் நிலத்தில் 9.351 கிலோமீட்டருக்குத் தனிப் பாதையே போட்டிருந்தார்கள். சாம்பல் மட்டும் அதே சாம்பல். ஹோண்டா இரண்டு வருஷம் உழைத்துப் புது வண்டிகளோடு வந்தார். 125லும் யமஹா, 250லும் யமஹா. மறுபடி அரியர்!

அவர் கம்பெனிக்குள் எப்படிக் கத்தியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கலாம். ஆள் மகா முன்கோபி. தப்பு நடந்தால் ஸ்பேனர் பறக்கும், கைநீட்டவும் செய்வார். இதைச் சிலர் பெருமையாக எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இடத்தில் அப்படி ஒரு மேலாளரிடம் ஒன்றரை வருஷம் இருந்தேன். அவரிடம் நான் கற்றுக்கொண்டது குனிவது ஒன்றுதான். ஆனால் ஹோண்டாவிடம் வேறொன்றும் இருந்தது. தோற்ற வண்டியை மூலையில் தள்ளி மூடிவைக்க விடமாட்டார். பிரித்துப் போட்டு, எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று தானே தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் படம் போட ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் கத்தல் வாங்கிய பையன்களும் ஓடிப்போகாமல் சுற்றி உட்கார்ந்தார்கள் போலிருக்கிறது. நூறு தடவை செய்தால் தொண்ணூற்றொன்பது தடவை தோற்பதுதான் ஆராய்ச்சி என்பது அவர் கணக்கு. 1960ல் ஆராய்ச்சிப் பிரிவைத் தனிக் கம்பெனியாகவே பிரித்துவிட்டார்கள், விற்பனைக் கணக்கு போட்டு ஆராய்ச்சிக்காரனை மிரட்டாமல் இருக்க. அந்த யோசனை ஃபுஜிசாவாவுடையது.

1958ல் சூப்பர் கப் என்ற குட்டி வண்டி வந்தது. அது தனிக்கதை. 2017ல் அதன் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

1959 ஜூன் 3. அறிக்கை விட்டு ஐந்து வருஷம் கழித்து ஹோண்டாவின் 125 சிசி வண்டிகள் ஐல் ஆஃப் மேனில் நின்றன. குழுவின் மேனேஜர் கவாஷிமா. பின்னாளில் ஹோண்டாவுக்கு அடுத்தபடியாகக் கம்பெனித் தலைவரானவர் இவர்தான். ஓட்டிய ஜப்பானியப் பையன்கள் அதுவரை பழகியதெல்லாம் அசாமாவின் சாம்பல்தான். தார் ரோட்டில் அந்த வேகத்தில் வளைவதே அவர்களுக்குப் புதிது. ஆனாலும் தனிகுச்சி ஆறாவது வந்தார். ஏழு, எட்டு, பதினொன்று என்று மற்ற மூவரும் வந்துசேர்ந்தார்கள். ஜெயிக்கவில்லைதான். ஆனால் வண்டிகள் நிற்காமல் ஓடி முடித்ததால் கம்பெனிகளுக்கான குழுப் பரிசு ஹோண்டாவுக்கே கிடைத்தது. நிற்காமல் ஓட எங்கே கற்றுக்கொண்டார்கள்? அந்தச் சாம்பலில்தான்.

அதே ஆகஸ்டில் மூன்றாவது அசாமா ரேஸ். 250ல் நாலு சிலிண்டர் புது வண்டியோடு வந்து ஹோண்டா ஜெயித்தது. 125லும் ஜெயித்தது. ஆனால் எப்படி? மோட்டோ கிட்டானோ என்ற 18 வயதுப் பையன், கம்பெனி ஆள் இல்லை, ரசிகர்களுக்கான ரேஸில் ஜெயித்ததால் அழைக்கப்பட்டவன், கடையில் விற்கிற பென்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்து ஹோண்டாவின் தொழிற்சாலை ரேஸ் வண்டிகளையே முந்திவிட்டான்! முந்தியவனை அடுத்த வருஷமே தன் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். சான்றிதழ் கேட்டதாகத் தெரியவில்லை.

அதோடு அசாமாவில் அகில ஜப்பான் ரேஸ் நின்றுபோனது. வண்டிகளின் வேகத்துக்கு அந்தச் சாம்பல் பாதை தாங்காது என்று ஆகிவிட்டது. பரீட்சை எழுதியவர்கள் ஹாலைவிடப் பெரிசாக வளர்ந்துவிட்டார்கள்.

1961ல் ஸ்பெயினில் டாம் ஃபிலிஸ் ஹோண்டாவுக்கு முதல் கிராண்ட் பிரி வெற்றியைக் கொடுத்தார். அடுத்து ஹாக்கன்ஹைமில் குனிமிட்சு தகஹாஷி ஜெயித்து, கிராண்ட் பிரி ஜெயித்த முதல் ஜப்பானியர் ஆனார். ஜூன் மாதம் ஐல் ஆஃப் மேனில் 125, 250 இரண்டிலும் மைக் ஹெய்ல்வுட் முதலாவது. இரண்டிலும் முதல் ஐந்து இடமும் ஹோண்டாவே. அறிக்கை விட்டு ஏழு வருஷம். 1966ல் உலகப் போட்டியின் ஐந்து பிரிவிலும் கம்பெனிகளுக்கான பட்டம் ஹோண்டாவுக்கு. ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும்: முதல் வெற்றியைத் தந்த அதே டாம் ஃபிலிஸ் 1962ல் அதே தீவில் ஹோண்டா ஓட்டும்போதுதான் விழுந்து இறந்தார். ரேஸ் என்றால் கைதட்டலும் கோப்பையும் மட்டும்தான் என்று நினைக்கிற தம்பிகள் இதை ஒருதடவைக்கு இரண்டுதடவை படிக்கவும்.

பொது ரோட்டில் பையன்கள் வேகம் காட்டுவது ஹோண்டாவுக்குப் பிடிக்காது. ஓட்டத் தனி இடம் வேண்டும் என்று சுசுகா என்ற ஊரில் ரேஸ் பாதை கட்டினார்கள். 1962ல் முடிந்தது. முதலில் பார்த்த இடம் நெல் வயல். சோறு போடுகிற நிலத்தை அழிக்கக்கூடாது என்று சொல்லி, மேட்டுக் காட்டுப் பக்கம் தள்ளிப் போடவைத்தார். டெல்டா பக்கத்து மாணவர்கள் இதை ரசிப்பீர்கள். அந்த நவம்பரில் அகில ஜப்பான் ரேஸ் சுசுகாவில் நடந்தது. இந்தத் தடவை தார் ரோட்டில். 1978ல் அதே இடத்தில் முதல் எட்டு மணிநேர ரேஸ் நடந்தபோது ஹோண்டாவின் பெரும்படையைத் தோற்கடித்தது யோஷிமுரா என்ற சின்னப் பட்டறைக்காரரின் சுசுகி வண்டி. பட்டறைக்காரன் பெரிய கம்பெனியைத் தோற்கடிப்பது அந்த ஊரில் ஒரு வழக்கமாகவே போய்விட்டது!

வயசான காலத்தில் ஹோண்டா பெரிய தப்பு ஒன்று செய்தார். என்ஜினைக் காற்றால்தான் குளிரவைக்க வேண்டும், தண்ணீர் வேண்டாம் என்று பிடிவாதம். 1968ல் அப்படிச் செய்த பந்தயக் காரில், ஃபிரான்சில், ஜோ ஷ்லெஸ்ஸர் என்ற ஓட்டுநர் எரிந்து இறந்தார். அதற்குப் பிறகும் பிடிவாதம் போகவில்லை. இளம் என்ஜினியர்கள் தண்ணீர்தான் சரி என்று மன்றாடினார்கள். கடைசியில் ஃபுஜிசாவா, நீங்கள் தலைவராக இருக்கப் போகிறீர்களா, என்ஜினியராக இருக்கப் போகிறீர்களா என்று நேரடியாகக் கேட்டார். ஹோண்டா தலைவராகவே இருப்பதாகச் சொல்லி, தண்ணீர் என்ஜினுக்கு அனுமதி கொடுத்தார். அதில் பிறந்ததுதான் 1972ல் வந்த, புகை குறைந்த சிவிசிசி என்ஜின். அமெரிக்கக் கம்பெனிகளை இதால் முந்தலாம் என்று இவர் சந்தோஷப்பட்டபோது, நாங்கள் செய்தது கம்பெனிக்காக இல்லை, ஜனங்கள் சுவாசிக்கிற காற்றுக்காக என்று அந்தப் பையன்கள் சொன்னார்களாம். தன் காலம் முடிந்தது என்று அன்றைக்கே அவருக்குப் பட்டுவிட்டது. 1973ல் அவரும் ஃபுஜிசாவாவும் ஒன்றாகவே விலகினார்கள். பிள்ளையைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைக்கவில்லை.

விலகியதும் ஒரு காரியம் செய்தார். ஜப்பானில் ஹோண்டா வண்டி விற்கிற, ரிப்பேர் பார்க்கிற கடை ஒவ்வொன்றாகப் போய்த் தொழிலாளிகளின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார். ரெண்டு பேர், மூணு பேர் இருக்கிற கடையைக்கூட விடவில்லை. ஒருத்தர் கை கிரீஸாக இருக்கிறதே என்று பின்னால் இழுத்துக்கொண்டு கழுவ ஓடப் பார்த்தார். ஹோண்டா விடவில்லை. அந்தக் கையையே பிடித்துக்கொண்டார், எனக்கு எண்ணெய் வாசனை பிடிக்கும் என்று.

1991 ஆகஸ்ட் 5ஆம் தேதி, 84 வயதில் இறந்தார். கார் விற்றவன் சாவுக்கு ரோட்டில் டிராஃபிக் ஜாம் ஆகக்கூடாது என்று, பெரிய சவ ஊர்வலம் எதுவும் வேண்டாமென்று முன்பே சொல்லிவைத்திருந்தார். அப்படியே நடந்தது.

இவரைப் பற்றி ஏன் எழுதினேன் என்று சொல்கிறேன். 1983ல் நாங்கள் நாலு பேர் காசு போட்டு ஒரு பழைய யெஸ்டியை வாங்கி, சோழவரம் ரேஸுக்குத் தயார் பண்ணுகிறோம் பேர்வழி என்று ஹாஸ்டலுக்குப் பின்னால் பிரித்துப் போட்டோம். போர்ட்டை ராவி, ஹெட்டைச் சீவி எல்லா வேலையும் செய்தது ஒரே ஆள். நாங்கள் மூணு பேரும் டார்ச் பிடித்தோம். சோழவரத்துக்குப் போகவே இல்லை. பைபாஸில் ஓட்டிப் பார்த்த முதல் நாளே என்ஜின் ஜாம். நாங்கள் மூணு பேரும் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டோம். அவன் மட்டும் பிஸ்டனை வெளியே எடுத்து ஏன் பிடித்தது என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு அரியர் சேர்ந்தது. அடுத்த வருஷம் டிஸ்கன்டினியூ. இன்றைக்கு எங்கள் மாவட்டத்தில் எந்த மெக்கானிக்குக்கும் பிடிபடாத வண்டி கடைசியில் போய் நிற்பது அவன் பட்டறையில்தான். என் வண்டியும் அங்கேதான்.

நம் சங்கத்தின் பட்டியலில் அவன் பெயர் கிடையாது. பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் அழைப்பு என்று ஒரு பழக்கம். மூன்று வருஷம் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், நம் மெஸ்ஸில் சாப்பிட்டவன். இதுவரை நடந்த எந்தச் சந்திப்புக்கும் அவன் வந்ததில்லை, நாமும் கூப்பிட்டதில்லை. டார்ச் பிடித்த மூணு பேரில் நானும் ஒருத்தன். நானும் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் செயலாளரிடம் பேசினேன். யோசிப்பதாகச் சொன்னார். நான் யோசிக்கவில்லை, என் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். கை முழுக்கக் கிரீஸ். துடைத்துவிட்டு வாங்குகிறேன் என்று எழுந்தான். அப்படியே கொடுத்தேன். அட்டையில் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை லீவுதான், பார்க்கலாம் என்றான்.